கஞ்சாவுக்குச் சிறையா, வரியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"போதைப்பொருளைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, வரி போட்டுச் சம்பாதித்தால் என்ன?" டீக்கடையிலும் கேட்கிறார்கள், சட்டக் கல்லூரி விவாத மேடையிலும் கேட்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் வழக்கமாக வரும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் கஞ்சாவைப் பற்றித்தான். மற்றவை கீழே வரும்.

குற்றமல்ல என்று ஆக்குவதும் சட்டபூர்வமாக்குவதும் ஒன்றுதானே?

இல்லை. பாதி வாதங்கள் இந்தக் குழப்பத்தில்தான் பிறக்கின்றன.

குற்றமல்ல என்று ஆக்கினால், சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் வைத்திருப்பவரைச் சிறைக்கு அனுப்ப மாட்டார்கள். விற்பது குற்றமாகவே இருக்கும். போர்ச்சுகல் செய்தது இதை. சட்டபூர்வமாக்கினால் பயிரிடலாம், கடை வைக்கலாம், ரசீது போட்டு விற்கலாம். கனடா செய்தது அதை.

இதில் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. விற்பனை குற்றமாக இருக்கும்வரை வரி வாங்க முடியாது. ரசீதே இல்லாத இடத்தில் வரி எங்கிருந்து வரும்? ஆகவே "குற்றமல்ல என்று ஆக்கி வரி போடுங்கள்" என்பவர் உண்மையில் கடை திறக்கச் சொல்கிறார். அதை அவரே கவனித்திருக்க மாட்டார். இரண்டையும் தனித்தனியாகக் கேட்டால் எனக்கு இரண்டு பதில் இருக்கிறது.

இப்போது இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

1985-ல் வந்த போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம். வழக்கறிஞர்கள் என்.டி.பி.எஸ். என்பார்கள். இந்தச் சட்டத்தில் எல்லாமே எடையில்தான் இருக்கிறது. கஞ்சா 1 கிலோ வரை 'சிறு அளவு'. ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் 'வணிக அளவு'. குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு. நடுவில் சிக்கினால் 10 ஆண்டு வரை. ஹெராயினுக்குச் சிறு அளவு 5 கிராம், வணிக அளவு 250 கிராம்.

வைத்திருப்பது போக, உபயோகிப்பதற்கும் தனிப் பிரிவு உண்டு, 27. கஞ்சா என்றால் ஆறு மாதம் வரை, ஹெராயின், கொக்கைன் என்றால் ஓராண்டு வரை.

ஒரு பொட்டலம் வைத்திருந்த கல்லூரிப் பையனுக்கு உண்மையில் என்ன ஆகும்?

சட்டப் புத்தகத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. சிறு அளவுக்கு ஜாமீன் கிடைக்கும், தண்டனை பெரும்பாலும் அபராதத்தோடு முடியும். புத்தகத்துக்கு வெளியேதான் பிரச்சினை. எனக்குத் தெரிந்த ஒரு பாலிடெக்னிக் மாணவன், பத்து கிராம் இருக்குமோ என்னவோ, சட்டைப் பையில் வைத்திருந்து மாட்டினான். வெளியே வர மூன்று வாரம். அதற்குள் பருவத் தேர்வு போனது, கல்லூரி நீக்கியது. வளைகுடா வேலைக்கு முயன்றபோது போலீஸ் சரிபார்ப்பில் பழைய வழக்கு வந்து நின்றது. கஞ்சா அவனை எவ்வளவு கெடுத்தது என்று எனக்குத் தெரியாது. வழக்கு எவ்வளவு கெடுத்தது என்று தெரியும்.

இன்னொன்று. "கஞ்சா கேஸ்ல உள்ளே தள்ளிடுவேன்" என்ற மிரட்டலைக் கேட்காத தமிழர் உண்டா? ஒரு சட்டத்தின் பெயரே மிரட்டலாகப் பேச்சுவழக்கில் ஏறியிருக்கிறது என்றால், அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று மக்கள் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பையில் வைத்துவிட்டு "பையிலிருந்து எடுத்தோம்" என்று சொல்ல இதைவிட வசதியான பொருள் கிடையாது. போதைப்பொருள் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே சாட்சியமாக்கித் தண்டித்துக்கொண்டிருந்ததை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில்தான் செல்லாது என்றது. அந்த வழக்கு தமிழ்நாட்டிலிருந்து போனது: தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு.

விற்றார் என்று சொல்லிவிட்டால் கதையே வேறு. நம்மூர் குண்டர் சட்டத்தின் (1982) முழுப் பெயரில் போதைப்பொருள் குற்றவாளிகளும் உண்டு. விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம்.

வடக்கே ஹோலிக்கும் சிவராத்திரிக்கும் பாங் குடிக்கிறார்களே, அவர்களை ஏன் பிடிப்பதில்லை?

1985 சட்டம் கஞ்சா என்று சொல்வது பூவும் காயும் உள்ள நுனிப்பகுதியை. நுனி சேராத தனி இலையும் விதையும் அதில் வராது. பாங் இலையில் அரைப்பது. எனவே தப்பித்துக்கொண்டது. உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமம் பெற்ற பாங் கடைகளே இருக்கின்றன. ஜெய்சல்மேர் கோட்டைப் பக்கம் போனவர்கள் பலகையைப் பார்த்திருப்பார்கள். ஒரே செடிதான், இலை என்றால் பிரசாதம், பூ என்றால் பத்து வருடம்.

இதை நம்பி இங்கே யாரும் இலை அரைக்க வேண்டாம். 1937-ல் மதராஸ் மாகாணம் கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டம் பாங்கையும் சேர்த்தே தடுத்தது. அந்தச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

வெள்ளைக்காரன் கஞ்சாவுக்கு வரி வாங்கினானாமே?

வாங்கினான், நன்றாகவே வாங்கினான். அபினியிலும் கஞ்சாவிலும் வந்த கலால் வருமானம் அரசின் வரவுக் கணக்கில் நிரந்தரமாக இருந்தது.

1893-ல் கெய்ன் என்ற பிரிட்டிஷ் எம்.பி., பெரிய மதுவிலக்குவாதி, வங்காளத்தில் கஞ்சா மக்களைக் கெடுக்கிறதா, தடை செய்யலாமா என்று விசாரிக்கச் சொல்லி நாடாளுமன்றத்தில் பிரச்சினை கிளப்பினார். அதற்காக ஒரு ஆணையம் போட்டார்கள். ஏழு பேர், அதில் இந்தியர் மூவர். நாடு முழுக்கச் சுற்றி 1,193 சாட்சிகளை விசாரித்தார்கள். மனநல விடுதிகளின் பதிவேடுகளையும் புரட்டினார்கள். அங்கேதான் சுவையான ஒன்று கிடைத்தது. 'பைத்தியத்துக்குக் காரணம்' என்ற கட்டத்தில் 'கஞ்சா' என்று எழுதியிருந்த பல பேருக்கு அதற்கான ஆதாரமே இல்லை. நோயாளியை அழைத்து வந்தவர்கள் ஏதோ சொல்லியிருக்கிறார்கள், எழுத்தர் கட்டத்தை நிரப்பியிருக்கிறார். ஆணையம் 1894-ல் அறிக்கை கொடுத்தது: அளவாக உபயோகிப்பவருக்குப் பெரிய கேடு இல்லை, அளவு மீறினால் கேடு உண்டு, தடை செய்தால் ஆட்கள் இதைவிட மோசமான பொருளுக்குப் போவார்கள், ஆகவே உரிமமும் வரியும் போதும்.

கஞ்சா ஆதரவாளர்கள் இந்த அறிக்கையை வேதம் போல நீட்டுவார்கள். படிக்க வேண்டிய அறிக்கைதான், மறுக்கவில்லை. ஆனால் வரி வாங்கிக்கொண்டிருந்த அரசு அமைத்த ஆணையம் அது. "வரியைத் தொடருங்கள்" என்ற முடிவு யாருக்கு இனித்திருக்கும் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அப்புறம் ஏன் தடை வந்தது?

1961-ல் ஐ.நா.வின் ஒருங்கிணைந்த போதைப்பொருள் உடன்படிக்கை. இந்தியாவும் கையெழுத்திட்டது. மருத்துவம், ஆராய்ச்சி தவிர்த்த கஞ்சா உபயோகத்தை 25 ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று அவகாசம் கொடுத்தார்கள். அது முடிகிற நேரத்தில், ராஜீவ் காந்தி ஆட்சியில், என்.டி.பி.எஸ். வந்தது. நாம் இலையைத் தள்ளி வைத்தது தற்செயல் அல்ல. அந்த உடன்படிக்கையின் வரையறையே அப்படித்தான். 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் கஞ்சாவைக் கடுமையான நான்காவது பட்டியலிலிருந்து நீக்கியபோது (ஆதரவு 27, எதிர்ப்பு 25) இந்தியா ஆதரவாக வாக்களித்தது. உள்நாட்டுச் சட்டம் அப்படியேதான் இருக்கிறது.

போர்ச்சுகலில் எல்லாம் சரியாகிவிட்டதா?

நிறைய சரியானது. ஆனால் சட்டத்தால் மட்டும் அல்ல.

1990-களில் அந்தச் சின்ன நாட்டில் நூறு பேருக்கு ஒருவர் ஹெராயினில் சிக்கியிருந்தார். 2001 ஜூலையிலிருந்து எந்தப் போதைப்பொருளாக இருந்தாலும், ஒருவருக்குப் பத்து நாள் அளவு வரை வைத்திருந்தால் அது நீதிமன்றக் குற்றம் இல்லை. போலீஸ் பொருளைப் பறித்துக்கொண்டு, ஆளை மூன்று பேர் கொண்ட ஒரு குழுவிடம் அனுப்பும். சட்டம் தெரிந்தவர், மருத்துவம் அல்லது சமூகப் பணி தெரிந்தவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். அடிமையாகாத ஆள் என்றால் பெரும்பாலும் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். அடிமை என்றால் சிகிச்சைக்கு வழி காட்டுவார்கள்.

கூடவே ஹெராயினுக்கு மாற்று மருந்தான மெத்தடோன் கொடுத்தார்கள், ஊசி மாற்றிக் கொடுத்தார்கள், தெருத்தெருவாகப் பணியாளர்களை அனுப்பினார்கள். 2001-ல் போதை ஊசி வழியாக ஹெச்.ஐ.வி. தொற்றியவர்கள் ஆயிரத்துக்கும் மேல். பின்னர் ஆண்டுக்குச் சில பத்துகளாகக் குறைந்தது. இதைத் திட்டமிட்டவர்களில் முக்கியமானவரான மருத்துவர் ஜோவாவ் கூலாவ், சட்டத்தை மட்டும் நகலெடுத்தால் பலன் இராது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பொருளாதார நெருக்கடியில், 2012 வாக்கில், அந்தச் சேவைகளின் அமைப்பைக் கலைத்துப் பணத்தைச் சுருக்கிய பிறகு, காலப்போக்கில் போர்ட்டோ நகரத் தெருக்களில் ஊசிகள் மறுபடி தென்பட ஆரம்பித்தன. சட்டம் மாறவில்லை. பணம்தான் மாறியது.

ஆரிகன் ஏன் பின்வாங்கியது?

போர்ச்சுகலைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்ட அமெரிக்க மாநிலம். சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பது குற்றமல்ல என்று 2020 நவம்பரில் மக்கள் வாக்களித்து, 2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. கையில் கொஞ்சம் போதைப்பொருள் இருந்தால் 100 டாலர் அபராதச் சீட்டு. ஓர் உதவி எண்ணை அழைத்து ஆலோசனை பெற்றால் அதுவும் தள்ளுபடி. சீட்டு வாங்கியவர்களில் பெரும்பாலோர் பணமும் கட்டவில்லை, அழைக்கவும் இல்லை. நேரில் உட்கார்ந்து பேச ஆள் இல்லை, சீட்டு மட்டும் இருந்தது.

சிகிச்சைக்கான பணம் கஞ்சா வரியிலிருந்து வருவதாக ஏற்பாடு. அது போய்ச் சேரவே தாமதமானது. அதே நேரத்தில் ஹெராயினைவிடப் பல மடங்கு வீரியமான ஃபென்டனில் என்ற செயற்கைப் போதைப்பொருள் மேற்குக் கரைக்கு வந்து சாவுகள் ஏறின. சாவுகளுக்குச் சட்டம் காரணமா, ஃபென்டனில் காரணமா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். மாநிலச் சட்டமன்றம் காத்திருக்கவில்லை. 2024 செப்டம்பர் 1 முதல் வைத்திருப்பது மீண்டும் குற்றம்.

தாய்லாந்து?

2022 ஜூன் மாதம் கஞ்சாவைப் போதைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், ஒழுங்குபடுத்தும் சட்டத்தை அப்புறம் எழுதலாம் என்று விட்டார்கள். ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு வேண்டும் என்றார்கள். வீட்டைக் கட்டிவிட்டு அஸ்திவாரம் தோண்டிய கதை.

வரி எவ்வளவு வரும்? அரசுக்குக் கொட்டுமா?

கொலராடோ 2014 ஜனவரியில் கடை திறந்தது. 2021-ல் 40 கோடி டாலருக்கு மேல் வரி வந்தது, பிறகு பக்கத்து மாநிலங்களும் கடை திறக்க, சரியத் தொடங்கியது. கனடா கிராமுக்கு 1 டாலர் அல்லது விலையில் 10 சதவீதம், எது அதிகமோ அதை வாங்குகிறது. கஞ்சா விலை விழுந்த பிறகும் அந்த 1 டாலர் அப்படியே நிற்பதால் வளர்ப்பவர்கள் புலம்புகிறார்கள். கலிஃபோர்னியாவில் வரிகள் அடுக்கடுக்காக ஏறி, திருட்டுக் கஞ்சா மலிவாகவே இருந்ததால் வாடிக்கையாளர் பழைய ஆளிடமே போனார். 2022-ல் பயிர் வரியை ரத்து செய்தார்கள்.

இந்தியாவில் வந்தால் யாருக்குப் போகும் என்பது பலருக்குத் தெரியாத விஷயம். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை, மாநிலப் பட்டியல், 51-வது இனத்தைப் பாருங்கள்: மது, அபினி, கஞ்சாச் செடி, பிற போதைப் பொருட்கள் மீதான கலால் வரி மாநிலங்களுக்கு. எடுக்கப்படாமல் கிடக்கும் உண்டியல் அது. கடன் ஏறிக்கிடக்கும் எந்த நிதித்துறையும் ஒருநாள் அதைத் தேடிப் போகும்.

டாஸ்மாக் மாதிரி அரசே நடத்தினால் கட்டுப்பாட்டில் இருக்காதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் இந்தப் பக்கத்தையே எழுதினேன்.

1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். சாராய வருமானம் போனதை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தார். அதாவது நாம் கடையில் வரி கட்டிப் பழகியதே குடியை மூடியதற்கு விலையாக. 1971-ல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது, சில ஆண்டுகளில் அதுவே மறுபடி மூடியது, 1981-ல் எம்.ஜி.ஆர். அரசு திறந்தது. 1983-ல் மொத்த விற்பனைக்கு டாஸ்மாக். 2003-ல் ஜெயலலிதா அரசு சில்லறையையும் அதனிடமே கொடுத்தது. இரண்டு வரியும் இப்போதும் இருக்கின்றன, விற்பனை வரியும் (பெரும்பாலும் ஜி.எஸ்.டி. என்ற புதுப் பெயரில்) சாராய வரியும். விலை கொடுத்து வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொடுத்த விலையைத் திரும்ப வாங்காமல் இருக்கிறோம்.

2023-24-ல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது சுமார் 45,000 கோடி ரூபாய். எந்தக் கட்சி தேர்தலில் நின்றாலும் கடைகளைப் படிப்படியாக மூடுவோம் என்கிறது, ஆட்சிக்கு வந்ததும் படி மட்டும் அப்படியே இருக்கிறது. இதில் யாரையும் தனியாகத் திட்டவில்லை. அந்த நாற்காலியில் என்னை உட்காரவைத்தாலும், காலை உணவுக்கும் பேருந்துக்கும் 45,000 கோடியை வேறெங்கே தேடுவேன் என்று தெரியாது. வரியின் கோளாறு அதுதான்: ஒரு பழக்கத்திலிருந்து வருமானம் வர ஆரம்பித்தால், அது குறையக் கூடாது என்று நினைக்கும் ஒரு ஆள் கோட்டையில் உருவாகிவிடுகிறார்.

கட்டுப்பாடு? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஊரில் அரசு கடை இல்லாமலா? இருந்தது. குவார்ட்டர் விலை கூலிக்காரருக்குக் கட்டுப்படியாகவில்லை, பாக்கெட் சாராயம் கட்டுப்படியானது. வரி ஏற ஏற அடியில் ஒரு மலிவுச் சந்தை ஊறிக்கொண்டே இருக்கும். கலிஃபோர்னியா கஞ்சாவுக்கு நடந்ததும் இதே.

ஆனால் சாராயத்தைவிடக் கஞ்சா கேடு குறைவுதானே?

உயிருக்கு ஆபத்து என்ற அளவில் ஆமாம். மது ஈரலைத் தின்கிறது, வண்டி ஓட்டியைக் கொல்கிறது, மனைவியை அடிக்க வைக்கிறது. கஞ்சாவை அளவுக்கு மீறிப் புகைத்து உடனே செத்தவரைக் காண்பது அரிது. "மூலிகை, ஒன்றும் செய்யாது" என்பதும் பொய். உபயோகிப்பவர்களில் சுமார் பத்தில் ஒருவர் விட முடியாத நிலைக்குப் போகிறார். பதினைந்து பதினாறு வயதில் தொடங்கினால் இன்னும் அதிகம். வீரியம் கூடிய ரகங்களைத் தினமும் புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்கள் வரும் வாய்ப்பு கூடுகிறது. குடும்பத்தில் ஏற்கெனவே அந்த நோய் இருந்தால் கிட்டேயே போகக் கூடாது.

ஹெராயின், மெத் (மெத்தாம்ஃபெட்டமின்), மாத்திரை இவற்றையும் சேர்த்தா பேசுகிறீர்கள்?

சிறைக்கு அனுப்பாமல் இருப்பதில் எல்லாவற்றையும் சேர்த்துத்தான். கடை திறப்பதில் எதையும் சேர்க்கவில்லை. வலிநிவாரண மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்ளும் பையன்கள் இன்று நம் நகரங்களில் இருக்கிறார்கள். மருந்துக்கடையில் வரியோடு, ரசீதோடு விற்கும் பொருள் அது. சட்டபூர்வம் என்ற முத்திரை அவர்களைக் காப்பாற்றவில்லை.

சிங்கப்பூர் மாதிரி தூக்கில் போட்டால்?

அங்கே 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. 2023 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட ஒரு தமிழர்மீது இருந்தது 1 கிலோவைச் சற்றே தாண்டிய கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்த வழக்கு. அந்தப் பொட்டலம் அவர் கையில் ஒருபோதும் பிடிபடவில்லை. தொலைபேசி எண்களை வைத்து இணைத்தார்கள். அந்த 1 கிலோ நம் சட்டத்தில் ஏறக்குறைய 'சிறு அளவு' எல்லை. நம் போலீஸ், நம் நீதிமன்றம், நம் 'பையில் வைத்துவிட்டு எடுக்கும்' பழக்கம் இவற்றோடு தூக்குக் கயிற்றையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். எனக்குத் தூக்கம் வராது.

சரி, முடிவாக என்னதான் வேண்டும் என்கிறீர்கள்?

27-வது பிரிவும், சொந்த உபயோகத்துக்கான சிறு அளவுக்குச் சிறையும் போக வேண்டும். அந்த இடத்தில் அபராதச் சீட்டு வேண்டாம், போர்ச்சுகல் மாதிரி உட்கார்ந்து பேசும் ஆட்கள் வேண்டும், மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே. கடையும் வரியும் வேண்டாம். கள்ளச் சந்தை இருக்கும்வரை குற்றக் கும்பலுக்குத்தானே பணம் போகும் என்பார்கள். உண்மைதான், என் நிலைப்பாட்டில் உள்ள பெரிய ஓட்டை அது. டாஸ்மாக் வருமானத்தை ஒரு பத்தாண்டு நிஜமாகக் குறைத்துக் காட்டும் அரசு வந்தால், அந்த ஓட்டையைப் பற்றி அப்போது பேசுவேன்.

எங்கள் வீட்டில் ஒருவர் சிக்கியிருக்கிறார். மருத்துவமனைக்குப் போனால் போலீஸில் மாட்டுவாரா?

இந்தப் பயத்தில்தான் பலர் வருடக்கணக்கில் மறைக்கிறார்கள். இதே கடுமையான சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால், உபயோகித்ததற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ அவர்மீது வழக்கு நடத்தக் கூடாது. வழக்கு பதிவான பிறகும் இதைக் கேட்கலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் மட்டும் பாதுகாப்பை விலக்கிக்கொள்ள முடியும். வழக்கறிஞரிடம் போனால் எண்ணைச் சொல்லியே கேளுங்கள், சிலர் மறந்திருப்பார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446, மத்திய அரசின் இலவச உதவி எண். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுக்கு நேராகவும் போகலாம். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், சீட்டு வாங்க வரிசை நீளமாக இருக்கும்.